கேரியர் மூட்டையா, 110 வேகமா? பெட்ரோலைக் குடிப்பது எது?

நெல்லைச்சீமை எழுதியது:

எங்கள் வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல் ஹாட்ச்பேக். சென்னைக்குள் லிட்டருக்கு 13, 14 கி.மீ. கொடுக்கும். நானும் மனைவியும் மட்டும் ஊருக்குப் போனால் பைபாஸில் 19 வரும். பொங்கலுக்குப் பிள்ளைகள், அத்தை எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, மேலே கேரியரில் பெட்டி படுக்கையெல்லாம் கட்டிக்கொண்டு போனால் 15-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது.

மச்சான் ஒரே பிடியாக நிற்கிறார்: "வெயிட்டு ஏறினா குடிக்கத்தான் செய்யும், மொதல்ல டிக்கியைக் காலி பண்ணு, ஸ்டெப்னியைக் கழட்டி வீட்ல வை." இங்கே பழைய பதிவுகளில் காற்றுத் தடை, காற்றுத் தடை என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். நான் ஓட்டுவது 100, 110. எடை எவ்வளவு தின்கிறது, காற்று எவ்வளவு தின்கிறது என்று யாராவது கணக்கோடு சொன்னால் நன்றாக இருக்கும். ஸ்டெப்னியைக் கழற்றப் போவதில்லை, அதற்கு அறிவுரை வேண்டாம்.

இயற்பியல் வாத்தியார் எழுதியது:

ஸ்டெப்னி விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான்.

சமதளத்தில் ஒரே வேகத்தில் ஓடும் காரைப் பின்னுக்குப் பிடித்து இழுப்பவை இரண்டு. ஒன்று டயரின் உருளல் தடை. அது எடையைப் பொறுத்தது, வேகத்தால் பெரிதாக மாறாது. இன்னொன்று காற்றுத் தடை. அதற்கு எடையோடு சம்பந்தமே இல்லை. வண்டியின் முகப்பு எவ்வளவு பெரியது, உருவம் எப்படி, வேகம் எவ்வளவு என்பதுதான் கணக்கு. அதிலும் வேகத்தின் வர்க்கம். வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு.

உங்கள் வண்டி மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆட்களோடு 1200 கிலோ, இழுவைக் குணகம் (உருவம் காற்றை எவ்வளவு பிடிக்கிறது என்று காட்டும் எண்) 0.32, முகப்புப் பரப்பு 2.1 சதுர மீட்டர். டயரின் தடை சுமார் 140 நியூட்டன் (விசையை அளக்கும் அலகு), எந்த வேகத்திலும் ஏறக்குறைய அதேதான். காற்று 60 கி.மீ. வேகத்தில் 110, 80-ல் 200, 100-ல் 310, 120-ல் 450 நியூட்டன். ஆக, 65, 70 கி.மீ. வரை டயர்தான் பெரிய செலவாளி. அதைத் தாண்டிவிட்டால் காற்று.

இப்போது பொங்கல் பயணம். அத்தை, பிள்ளைகள், சாமான் எல்லாம் சேர்த்து 200 கிலோ கூடுகிறது என்றே வையுங்கள். டயரின் தடை 24 நியூட்டன் ஏறும். 100-ல் மொத்தம் 450 இருந்த இடத்தில் இது ஐந்து சதவீதம். கூரையில் ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை அடி உயரத்துக்குக் கட்டிய மூட்டை மட்டும் தனியாக 120, 130 நியூட்டன் கேட்கும். 19 எப்படி 15 ஆனது என்பதற்கு இங்கேயே பதில் இருக்கிறது. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கும் இதை ஒட்டித்தான் வருகிறது: கூரையில் பெரிய மழுங்கலான பெட்டி வைத்து 105 முதல் 120 கி.மீ. வேகத்தில் போனால் மைலேஜ் 10 முதல் 25 சதவீதம் வரை குறையும் என்கிறார்கள். சுமார் 45 கிலோ கூடுதல் எடைக்கு அவர்கள் சொல்வது ஒரே ஒரு சதவீதம்.

ஓஎம்ஆர் டாக்ஸி எழுதியது:

சார், கணக்கு பைபாஸுக்குச் சரி. நாங்கள் சோழிங்கநல்லூருக்கும் கிண்டிக்கும் நடுவில் பிழைக்கிறவர்கள். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் ஏர்போர்ட் பெட்டி என்றால் முள் இறங்குவது கண்ணுக்கே தெரியும். எடை ஒன்றும் இல்லை என்று எங்களிடம் சொல்லாதீர்கள்.

இயற்பியல் வாத்தியார் எழுதியது:

ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை, 100-ல் சீராகப் போகும்போது சின்ன பங்கு என்றேன். உங்கள் ரோட்டில் கதையே வேறு.

சிக்னலில் நின்ற 1200 கிலோ வண்டியை 60-க்குக் கொண்டுபோக 167 கிலோஜூல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் இருந்தாலும் அதில் கால்வாசிதான் சக்கரத்துக்கு வந்து சேரும், மீதி சூடாகப் போய்விடும். அப்படிப் பார்த்தால் ஒருமுறை நின்று கிளம்புவதற்கு ஏறக்குறைய 21 மில்லி. அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதித்ததும் அந்த 21 மில்லியும் பிரேக் டிஸ்கில் சூடாகிக் கரைந்துவிடும். ஐம்பது தடவை நின்று கிளம்பினால் ஒரு லிட்டர் போச்சு. இந்தச் செலவு அப்படியே எடைக்கு நேர்விகிதம். எடை 20 சதவீதம் கூடினால் 21 மில்லி 25 ஆகும்.

அப்புறம், நிற்கும்போது இன்ஜின் சும்மா குடிப்பது வேறு. சின்ன பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும், ஏசி போட்டால் இன்னும் கூடும். துரைப்பாக்கம் நெரிசலில் எடையும் குற்றவாளி அல்ல, காற்றும் அல்ல. ஓடாத வண்டியில் ஓடும் இன்ஜின்.

ஓஎம்ஆர் டாக்ஸி எழுதியது:

பாலத்துக்கு முன்னால் இருநூறு மீட்டரில் சிவப்பு விளக்கு தெரிந்தாலும் ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டே போய்ச் சடக்கென்று பிரேக் போடுகிறவர்களுக்கு இந்த 21 மில்லி கணக்கைப் பிரிண்ட் போட்டுக் கொடுக்க வேண்டும். என் வண்டியை ராத்திரி ஷிஃப்டில் எடுக்கிற பையனுக்குத்தான் முதல் காப்பி.

திருச்செங்கோடு லாரி எழுதியது:

கார்க்காரர்கள் பேச்சில் நானும் நுழைகிறேன், தப்பாக எடுக்காதீர்கள். எங்கள் தொழிலில் இது அப்படியே தலைகீழ்.

பத்து வீல் வண்டி. 2018-ல் ஆக்சில் லோடை உயர்த்தியபோது மூன்று ஆக்சில் வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. சிமென்ட் ஏற்றி முழு லோடில் போனால் டீசல் நாலு கி.மீ. சுமாருக்கு வரும். எம்ப்டியாகத் திரும்பினால் ஆறை ஒட்டி நிற்கும். வெயிட்டு ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று லாரி ஆபீசில் யாராவது சொன்னால் சிரிப்பார்கள்.

வாத்தியார் இதற்கும் ஒரு கணக்குப் போடுவாரா?

இயற்பியல் வாத்தியார் எழுதியது:

போடலாம் அண்ணே. 28.5 டன்னுக்கு டயரின் தடை மட்டும் 2000 நியூட்டனைத் தொடும். உங்கள் முகப்பு எட்டு, ஒன்பது சதுர மீட்டர். உருவமோ செங்குத்துச் சுவர். 60-ல் காற்று 1100, 80-ல்தான் 2000. ஆக முழு லோடில், நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்தில், எடைதான் பெரிய ஆள். எம்ப்டியாக வரும்போது டயரின் தடை 700-க்கு இறங்கிவிடும், காற்று அதே 1100. எடையில் மூன்றில் இரண்டு பங்கை இறக்கியும் டீசல் பாதியாகக் குறையாததற்கு அதுதான் காரணம்.

திருச்செங்கோடு லாரி எழுதியது:

இது எனக்குப் பிடித்திருக்கிறது. வைக்கோல் லோடு, தென்னைநார் லோடு ஏற்றுகிறவர்கள் சொல்வதும் இதற்குப் பொருந்துகிறது. வெயிட்டு ஒன்றுமே இருக்காது, ஆனால் கேபினுக்கு மேலே மலை மாதிரி அடுக்கி நான்கு பக்கமும் பிதுங்கிக்கொண்டு நிற்கும். சிமென்ட் வண்டிக்கு இணையாக டீசல் கேட்கும்.

ஆனால் ஒரு விஷயம். நாங்கள் லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்று மட்டும் பார்ப்பதில்லை. பத்தொன்பது டன்னைச் சுமந்துகொண்டு நாலு கொடுக்கிற வண்டி உண்மையில் சிக்கனமான வண்டி. ஒன்றையும் சுமக்காமல் ஆறு கொடுக்கிற வண்டிதான் நஷ்டம். ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் இரண்டு நாள் காத்திருந்துவிட்டு எம்ப்டியாகக் கிளம்பும் டிரைவருக்குத் தெரியும் அந்த ஆறு எவ்வளவு கசக்கும் என்று.

டயரையும் சொல்ல வேண்டும். நைலான் டயரிலிருந்து ரேடியலுக்கு மாறியதும் டீசலில் வித்தியாசம் தெரிந்தது. காற்று குறைந்த ஒரு டயர் இருந்தால் லோடு வண்டியில் அதுவும் தெரியும். தொட்டுப் பார்த்தாலே மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும். அந்தச் சூடு டீசல் காசு.

நூறு சிசி எழுதியது:

எல்லோரும் நாலு வீல், பத்து வீல் என்றே பேசுகிறீர்கள். எங்கள் 100 சிசிக்கு என்ன கணக்கு? தனியாகப் போனால் 65, பின்னால் ஆள் ஏறினால் 60. தொப்பை குறைந்தால் மைலேஜ் கூடும் என்று மெக்கானிக் கிண்டல் செய்கிறார்.

இயற்பியல் வாத்தியார் எழுதியது:

மெக்கானிக்கிடம் சொல்லுங்கள், பைக்கில் தொப்பையின் எடையைவிட நிமிர்ந்த நெஞ்சுதான் செலவு. வண்டி, ஆள் இரண்டும் சேர்த்து 180 கிலோ. டயரின் தடை 26 நியூட்டன்தான். பைக்கின் முகப்பு சின்னது, ஆனால் உருவம் படுமோசம்: கை, கால், ஹேண்டில்பார், கண்ணாடி எல்லாம் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும். 50-லேயே காற்று 50 நியூட்டனைத் தாண்டிவிடும், 80-ல் 130. காற்று டயரை முந்தும் இடம் காருக்கு 65-க்கு மேல் வருகிறது, பைக்குக்கு 35 கி.மீ. வேகத்திலேயே வந்துவிடுகிறது.

பின்னால் அறுபது கிலோ ஆள் ஏறினால் கூடுவது 9 நியூட்டன். அவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் காற்றுக்கு அவ்வளவாகத் தெரிய மாட்டார். நகரத்துக்குள் நின்று கிளம்பும் கணக்கில் மட்டும் அவருடைய எடை முழுசாக வரும்.

நூறு சிசி எழுதியது:

அப்போது 70-ல் போகிறவன் 50-க்கு இறங்கினால் போதும், தொப்பை பத்திரமாக இருக்கட்டும்.

காட்ரோடு எழுதியது:

மலையை யாரும் தொடவில்லையே. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறும்போது எடை வட்டியோடு வசூல் செய்யும். கிட்டத்தட்ட 1900 மீட்டர் ஏற்றம். டிக்கியில் இருக்கும் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் கால் லிட்டர் பெட்ரோல் கூடுதல். காற்று அங்கே கணக்கிலேயே வராது, 30, 40-ல் ஊர்ந்தால் அதற்கு என்ன வேலை?

இறங்கும்போது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இப்போதைய இன்ஜெக்ஷன் வண்டிகளில் பெட்ரோல் அடியோடு நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க ஐடிலுக்குக் குடிக்கும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் இறங்குகிறவர்கள் செலவு செய்துகொண்டு இறங்குகிறார்கள்.

திருச்செங்கோடு லாரி எழுதியது:

தம்பி சொன்னதைக் கொட்டை எழுத்தில் எழுதித் தோப்பூர் கணவாயில் மாட்ட வேண்டும். தர்மபுரியைத் தாண்டி இறக்கத்தில் நியூட்ரலில் விட்ட லோடு வண்டிகள் எத்தனை கவிழ்ந்திருக்கின்றன! பழைய பம்ப் காலத்துப் பழக்கம், அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. இருபத்தெட்டு டன் இறக்கத்தில் உருளும்போது பிரேக் ஷூ சூடேறிப் பிடிப்பை விட்டுவிட்டால் கையில் ஸ்டியரிங் மட்டும்தான் மிச்சம். இதில் மிச்சமாகும் டீசல் ஒரு டீக்குக் காணாது.

முப்பந்தல் எழுதியது:

எதிர்க்காற்றை விட்டுவிட்டீர்கள். ஆடி மாதம் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போய்ப் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றில் காற்றாலைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துச் சுற்றிக்கொண்டிருக்கும், வண்டி ஐந்தாம் கியரில் முக்கும். திரும்பி வரும்போது அதே வண்டி சும்மா வழுக்கிக்கொண்டு வரும். கோயம்புத்தூர், பாலக்காடு ரோட்டிலும் இதே கதைதான்.

இயற்பியல் வாத்தியார் எழுதியது:

அருமையான எடுத்துக்காட்டு. காற்றுத் தடைக்கு ஸ்பீடோமீட்டர் முக்கியமில்லை, எதிரே வரும் காற்றைச் சேர்த்து மொத்த வேகம்தான் முக்கியம். 80-ல் போகிறீர்கள், எதிர்க்காற்று 30 என்றால் வண்டிக்கு அது 110. காற்றுத் தடை 200-லிருந்து 375 நியூட்டனாக ஏறும். காற்றில்லாத நாளில் 100-ல் போவதைவிட அன்றைக்கு 80-ல் போவதற்குச் செலவு அதிகம்.

பின்காற்றில் அவ்வளவும் திரும்பக் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 110-ன் வர்க்கம் ஏற்றியதை 50-ன் வர்க்கம் முழுசாக இறக்காது. போய்வந்த கணக்கில் நஷ்டம்தான்.

ரிங்ரோடு எழுதியது:

எனக்கு இந்த நியூட்டன் கணக்கில் ஒரு சந்தேகம் தீரவில்லை. 80-ல் 340, 100-ல் 450, 120-ல் 590 என்றால் 80-ல் 20 கொடுக்கும் வண்டி 120-ல் 11, 12 தான் கொடுக்க வேண்டும். என் வண்டி 14 கொடுக்கிறதே? தடை கூடிய அளவுக்குப் பெட்ரோல் கூடவில்லை.

இயற்பியல் வாத்தியார் எழுதியது:

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். இன்ஜின் எல்லா நேரமும் ஒரே திறமையோடு வேலை செய்வதில்லை. 80-ல் சீராகப் போக 10 குதிரைத் திறன்தான் தேவை. இன்ஜினோ 80 குதிரை கொடுக்கக் கூடியது. சும்மா சுற்றுவதற்கும் தன் உராய்வுக்குமே அதில் ஒரு பகுதி வீணாகும். லோடு கொஞ்சம் ஏறினால் அந்த வீண் விகிதம் குறையும். அதனால்தான் தடை 70 சதவீதத்துக்கு மேல் ஏறியும் உங்களுக்குப் பெட்ரோல் 40 சதவீதம்தான் ஏறியிருக்கிறது.

30, 40-ல் போனால் இன்னும் கூடுமே என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில். காற்றுத் தடை மிகவும் குறைவுதான், ஆனால் கி.மீ.க்கு இன்ஜின் சுற்றும் நேரம் கூடிவிடும். பெரும்பாலான கார்களுக்கு டாப் கியரில் 55 முதல் 75 வரைதான் நல்ல இடம்.

மின்சாரக் கார் எழுதியது:

எங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. மோட்டார் எப்போதும் 90 சதவீதத்தை ஒட்டியே வேலை செய்வதால் காற்றில் கூடுவது அப்படியே பேட்டரியில் தெரியும். 80-லிருந்து 100-க்குப் போனால் ஒரு கி.மீ.க்கான கரண்ட் 30 சதவீதம் ஏறுகிறது. பேட்டரியால் வண்டி கனம்தான், ஆனால் சிக்னலில் வேகத்தைக் குறைத்து நிறுத்தும்போது அந்த ஓட்டத்தின் ஆற்றலில் பாதிக்கு மேல் பேட்டரிக்கே திரும்பிவிடும். ஓஎம்ஆர் டாக்ஸி கவலைப்படும் 21 மில்லி எங்களுக்குப் பாதிதான். மின்சார வண்டி செய்கிறவர்கள் உருவத்துக்கு மெனக்கெடுவது இதனால்தான். ஜெனரல் மோட்டார்ஸ் 1996-லேயே இவி1 காரை 0.19 இழுவைக் குணகத்தில் கொண்டுவந்தது. பின்சக்கரத்தைப் பாதி மூடி வைத்திருப்பார்கள், பார்க்க விநோதமாக இருக்கும்.

ரிங்ரோடு எழுதியது:

அப்படியென்றால் எஸ்யுவி வாங்குகிறவர்கள் எடையை நினைத்து வருத்தப்பட வேண்டாம், உயரத்தை நினைத்து வருத்தப்படலாம். மைலேஜுக்காக லேசான வண்டி, லேசான வண்டி என்று தேடித் தகரடப்பாவை வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும்.

இயற்பியல் வாத்தியார் எழுதியது:

அதேதான். 100-ல் 200 கிலோ கூடுதல் எடைக்கு ஐந்து சதவீதம். முகப்பு 2.1-லிருந்து 2.6 சதுர மீட்டராகி, குணகம் 0.36 ஆனால் காற்று மட்டும் 310-லிருந்து 430 நியூட்டன். கட்டுறுதிக்காகக் கூடும் எடையைப் பைபாஸ் ஓட்டுகிறவர் மறுக்க வேண்டியதில்லை.

நெல்லைச்சீமை எழுதியது:

மச்சானுக்கு இழையை அனுப்பிவிட்டேன். "மூட்டையும் வெயிட்டுதானே" என்று பதில் வந்திருக்கிறது. போகட்டும். கேரியர் இல்லாமல் எங்களுக்கு ஆகாது. கட்டுவதாக இருந்தால் எப்படிக் கட்டுவது?

காட்ரோடு எழுதியது:

கனமான சாமான் எல்லாம் உள்ளே, கீழே. அரிசி மூட்டை டிக்கியில் இருக்கட்டும், தலையணை போர்வை மேலே போகட்டும் என்பதுதான் எல்லோர் வீட்டு வழக்கமும், வண்டியின் நிதானத்துக்கு அது சரியும்கூட. ஆனால் பெட்ரோல் கணக்கில், உப்பிய தலையணை மூட்டை உள்ளே இருக்கும் அரிசி மூட்டையைவிட அதிகம் குடிக்கும். தலையணையை அமுக்கிப் பிள்ளைகள் காலடியில் திணியுங்கள். மேலே தட்டையான பெட்டிகளைப் படுக்க வைத்து, உயரத்தைக் குறையுங்கள். தார்ப்பாயை இழுத்துக் கட்டுங்கள், முனை படபடவென்று அடிக்கக் கூடாது. ஊர் போய்ச் சேர்ந்ததும் கேரியரைக் கழற்றி வையுங்கள், வெறும் கேரியரும் காற்றைப் பிடிக்கும். டயரில் முழு லோடுக்கு எவ்வளவு காற்று என்று டிரைவர் கதவுப் பக்கம் ஸ்டிக்கரில் இருக்கும், அதைப் பார்த்து அடியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, அந்த 110-ஐ 85 ஆக்குங்கள். விழுப்புரம் முதல் திருச்சி வரை மிஞ்சிப்போனால் அரைமணி நேரம் பிந்தும்.

நூறு சிசி எழுதியது:

லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்றே இருக்காதே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை? பைக்கில் நன்றாகவே தெரிகிறது.

திருச்செங்கோடு லாரி எழுதியது:

தெரியும் தம்பி. பத்தடி தள்ளி ஒட்டிக்கொண்டு வருகிற பைக்கும் காரும் எங்கள் பக்கக் கண்ணாடி இரண்டிலும் விழாது. நடு ரோட்டில் மாடு படுத்திருந்தால் நாங்கள் பிரேக் போட்டபிறகுதான் உனக்கு மாடு இருப்பது தெரியும். பின்னால் கட்டியிருக்கும் கம்பி பம்பர் உன் தலை உயரத்துக்குக் கீழேதான் இருக்கிறது. கண்ணாடியில் என் முகம் தெரிகிற தூரத்தில் வா, ஐம்பதில் வா, மைலேஜ் தானாக வரும்.